மதுரையில் பிள்ளைகளுக்கு டைபாய்டு ஊசி போட்ட அனுபவம்

போன வருடம் என் பெரியவனுக்கு டைபாய்டு. பதினோரு நாள் காய்ச்சல் விடவே இல்லை. ட்ரிப்ஸ் ஏறிய கை வீங்கிப்போய், அந்தக் கையைத் தலையணை மேல் வைத்தபடியேதான் தூங்கினான். ஒன்பது மாதச் சின்னவளுக்கு அந்தப் பாடு வரக் கூடாது என்று, போன வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் கிளினிக்கில் இருவருக்கும் ஊசி போட்டுவிட்டேன்.

போட்டது ஐதராபாத் பாரத் பயோடெக்கின் டைப்பார் டிசிவி. கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைப் பொருளை டெட்டனஸ் புரதத்தோடு இணைத்துச் செய்த ஊசி என்பதால் ஆறு மாதக் குழந்தைக்கே பலன் தருகிறது. பழைய வகை, இரண்டு வயசுக்கு மேல்தான். நேபாளத்தில் சுமார் 20,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களிடம் டைபாய்டு ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. டைபாய்டு போலவே இருக்கும், வேறு கிருமியால் வரும் பாராடைபாய்டு காய்ச்சலை இது தடுக்காது. அதனால் கொதித்து ஆறிய தண்ணீர் எங்கள் வீட்டில் தொடர்கிறது.

நர்ஸ் அக்காவுக்கு நூற்றுக்கு நூறு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பெட்டியை என் கையில் கொடுத்து, "காலாவதி தேதியைப் பார்த்துக்கோங்கம்மா" என்றார். பாப்பாவுக்குத் தொடையில், பெரியவனுக்குத் தோளுக்குக் கீழே. "ட்ரிப்ஸ் மாதிரி வலிக்குமா?" என்று கேட்டவனிடம், "வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள போயிடும்" என்று உள்ளதைச் சொன்னார். ஏழில் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள். ராத்திரி பாப்பாவுக்கு லேசாக உடம்பு சுட்டது, காலையில் சரியாகிவிட்டது.

குறை முன் மேசையில். மூன்று வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அது பழைய ஊசிக்கான கணக்கு. டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்டேன், இதற்கு ஒரே டோஸ்தான் என்றார். அட்டையிலும் வெறுமனே "டைபாய்டு" என்று கிறுக்கியிருந்தது. ஊசியின் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை.

இருவருக்கும் சேர்த்து நாலாயிரத்தை ஒட்டி ஆனது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம். 2018-ல் நவி மும்பை மாநகராட்சி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட்டது, இங்கேயும் முடியும். பக்கத்து வீட்டு அக்கா விலையைக் கேட்டுவிட்டு, "சம்பளம் வரட்டும்" என்றார். ஒன்றாம் தேதிக்கு மேல் அவரோடு நானும் போகிறேன். இந்த முறை அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டின பிறகுதான் கிளம்புவோம்.