ஆடுபுலி ஆட்டத்தை நான்கு முறை எழுதினேன்: கேம் நிரலாக்கப் புத்தகங்களோடு ஏழு ஆண்டுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஆண்டு என்பது இரண்டு துண்டு. சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். எடைச்சீட்டும் பில்லுமாக வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். சீசன் ஓய்ந்தால் ஆறு மணிக்கே வீடு. அந்த மிச்ச மாதங்களின் இரவுகளில்தான் 2018 முதல் கம்ப்யூட்டர் கேம் எழுதக் கற்று வருகிறேன். எந்த வகுப்பிலும் சேரவில்லை. புத்தகங்களை மட்டும் நம்பினேன். அவற்றில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை இத்தனை ஆண்டு பழகிய பிறகு எழுதலாம் என்று தோன்றுகிறது.

தொடங்கி வைத்தவன் தங்கை மகன். அப்போது எட்டாம் வகுப்பு. கைபேசியைக் காட்டி, "பெரியம்மா, இதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித்தானே இருப்பார்? நாம் எழுத முடியாதா?" என்று கேட்டான். எந்த விளையாட்டை எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணைக் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கிறது. அப்பா ஆட்டுப் பக்கம் உட்கார்ந்துவிட்டால், எதிரே புலி வைக்க வருகிறவர்கள் ஒரு கணம் தயங்குவார்கள். அந்த ஆட்டத்தைத்தான் எழுதுவது என்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்த்தேன்: இதைப் படித்ததால் என் ஆடுபுலி ஆட்டம் ஒரு படியாவது மேலே போனதா?

முதல் புத்தகம் அல் ஸ்வைகார்ட் எழுதிய 'இன்வென்ட் யுவர் ஓன் கம்ப்யூட்டர் கேம்ஸ் வித் பைத்தான்', நான்காம் பதிப்பு. பைத்தான் என்பது ஒரு நிரல்மொழி. முழுப் புத்தகத்தையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம் என்றாலும், பக்கத்தில் பென்சிலால் எழுதிப் படித்தால்தான் எனக்கு மனத்தில் நிற்கும் என்பதால் அச்சுப் பிரதி வாங்கினேன். ஒவ்வொரு விளையாட்டுக்கும் முழு நிரலையும் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வரிவரியாகப் பிரித்து விளக்குகிறார். 21 அத்தியாயங்களில் முதல் 16-இல் திரையில் படமே வராது. எல்லாம் எழுத்தால் ஆடும் விளையாட்டுகள். பையனுக்கு இது பெரிய ஏமாற்றம். "படம் எப்போது வரும்?" என்று தினமும் கேட்டான். எனக்கோ அதுதான் இந்தப் புத்தகத்தின் பெரிய பலம் என்று இன்றும் தோன்றுகிறது. எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் 1 முதல் 20-க்குள் ஓர் எண்ணைக் கணினி நினைத்துக்கொள்ளும். நமக்கு ஆறு வாய்ப்பு. பையன் அதை 1 முதல் 100 என்று மாற்றினான். எத்தனை வாய்ப்புக் கொடுத்தால் நியாயம் என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏழு போதும் என்று இருவரும் தாளில் போட்டுக் கண்டுபிடித்தோம். அன்று இரவு அவன் தூங்கவே பதினொரு மணி ஆனது. படம் காட்டிக் கவரும் புத்தகமாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூன்று-மூன்று கட்டத்தில் வட்டமும் பெருக்கலும் போடும் விளையாட்டுக்கு அவர் பத்து இடங்கள் உள்ள ஒரு லிஸ்ட், அதாவது வரிசைப் பட்டியல், வைக்கிறார். அதில் இடங்களின் எண் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு 1 முதல் 9 வரை கீபோர்டின் எண் பகுதியில் இருக்கும் அதே வரிசை. அதைப் பார்த்து நானும் 24 இடங்களுள்ள லிஸ்ட் ஒன்றைப் போட்டேன். பூஜ்ஜியம் போக 23. ஆடுபுலிக் கட்டத்தில் இருப்பவை சரியாக 23 புள்ளிகள்: உச்சியில் ஒன்று, குறுக்குக் கோடு மூன்றில் ஆறாறு, அடியில் நான்கு. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சதுரக் கட்டமாக இருந்தால் பக்கத்துக் கட்டம் எது என்று கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம். இதில் முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகளைக் கையால் எழுதினேன். புலி எந்த ஆட்டைத் தாண்டி எங்கே குதிக்கும் என்பதைத் தனித்தனி நிபந்தனைகளாக எழுதினேன். இருநூறு வரிகளைத் தாண்டியது. எங்கோ ஓர் எண் பிசகி, புலி ஒன்று கோடே இல்லாத இடத்தில் பாய்ந்தது.

பத்து நாள் கழித்து, திண்ணைக் கட்டத்தை நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. புள்ளிகளை விட்டுவிட்டுக் கோடுகளை எழுதினால் போதும். உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள் நான்கு, குறுக்கே மூன்று, அடிக்கோடு ஒன்று, இரு பக்கமும் செங்குத்தாக இரண்டு. மொத்தம் பத்து. ஒவ்வொரு கோட்டையும் அதன்மேல் வரும் புள்ளிகளின் வரிசையாக எழுதிவிட்டால், அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் அண்டைப் புள்ளிகள். அடுத்தடுத்து வரும் மூன்று எண்கள் புலியின் ஒரு பாய்ச்சல். இருநூறு வரி இருபது வரியானது. புத்தகத்தில் இது இல்லை. ஆனால் பலகை என்பது ஒரு லிஸ்ட், அதை எப்படி எழுதுவது என்பது நம் கையில் இருக்கிறது என்று மனத்தில் பதிய வைத்தது அந்தப் புத்தகம்தான்.

கணினியைப் புலியாக ஆட வைக்க, எதிராளியின் காய்களைப் புரட்டும் ரிவர்சி வகைப் பலகை ஆட்டத்துக்கான அத்தியாயம் உதவியது. அதில் கணினி மூலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அதிகக் காய்களைப் புரட்டும் இடத்தைத் தேடும். என் புலி வெட்ட முடிந்தால் வெட்டும், இல்லாவிட்டால் கிடைத்த வழியில் நகரும். முதல் வடிவம் ஓடியது. அப்பா திரையில் வரிசையாக நின்ற எண்களைப் பார்த்தார். "திண்ணையில் புள்ளிக்கு நம்பர் ஏதம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

கடைசி ஐந்து அத்தியாயங்கள் பைகேம் என்ற, பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு படம், அசைவு, மோதல், ஒலி ஆகியவற்றைச் சொல்லித்தருகின்றன. அவற்றை வைத்து இரண்டாவது வடிவத்தை எழுதினேன். கட்டம் திரையில் வந்தது, காயைத் தொட்டு நகர்த்த முடிந்தது. ஆனால் இந்தப் பகுதி அவசரமாக முடிந்துவிடுகிறது. நிரல் சிறியதாக இருக்கும்வரை எல்லாம் சரி. என் நிரல் எண்ணூறு வரியைத் தொட்டபோது எங்கே எதை வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தங்கை வீட்டுக் கணினியில் சட்டென்று பாய்ந்த புலி, என் பழைய லேப்டாப்பில் ஊர்ந்தது. அப்பா இந்த முறை முழு ஆட்டம் ஆடினார். நடுவில் ஓர் ஆட்டைத் தவறாக வைத்துவிட்டு, "வைத்ததைத் திரும்ப எடுக்க விடாதா இது?" என்றார். விடாது. அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தபோது ராபர்ட் நைஸ்ட்ரமின் 'கேம் புரோகிராமிங் பேட்டர்ன்ஸ்' கைக்கு வந்தது. 2014-இல் வெளியான புத்தகம். இதையும் ஆசிரியர் இணையத்தில் முழுமையாக இலவசமாகவே வைத்திருக்கிறார். அச்சுப் பிரதிக்கு என் ஒரு வாரச் சம்பளம் கிட்டத்தட்டப் போனது. வருத்தமே இல்லை. ஏழு ஆண்டுகளில் வாங்கியவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

உதாரணங்கள் எல்லாம் சி++ மொழியில். எனக்கு சி++ தெரியாது. தங்கை மகனின் அண்டை வீட்டுப் பெண்ணிடம் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலை இரவல் வாங்கி, அதிலிருந்த சி++ பகுதியைத் தமிழில் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கே மூன்று மாதம். பிறகு 'கமாண்ட்' அத்தியாயத்தைப் படித்த இரவை மறக்க முடியாது. ஒரு நகர்வை வெறும் செயலாக விட்டுவிடாமல் ஒரு பொருளாகவே உருவாக்கு. தன்னைச் செய்யவும் தன்னைத் திரும்பப் பெறவும் அதற்கே தெரிய வேண்டும் என்கிறார். எங்கிருந்து, எங்கே, வெட்டப்பட்ட ஆடு எந்தப் புள்ளியில் நின்றது என்ற மூன்றையும் ஒவ்வொரு நகர்வும் தன்னோடு வைத்துக்கொண்டது. அப்பா கேட்ட வசதி ஒரே மாலையில் முடிந்தது. 23 புள்ளிகள்தானே, பலகையை முழுவதுமாக நகல் எடுத்து வைத்தாலே போதுமே என்று யாராவது சொல்லலாம், சரிதான். ஆனால் நகர்வுகள் வரிசையாகச் சேர்ந்ததால் இன்னொன்றும் கிடைத்தது: அப்பா ஆடிய ஆட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை திரையில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடிந்தது. எழுபத்து மூன்று வயதில் தன் ஆட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டு அவர் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

புலி ஊர்ந்ததற்கான பதில் 'கேம் லூப்' அத்தியாயத்தில் இருந்தது. மடக்கு, அதாவது நிரல் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி, ஒருமுறை சுற்றும்போது திரையில் இத்தனை பிக்சல் நகர் என்று எழுதியிருந்தேன். மெதுவான கணினியில் சுற்றுகள் குறைவு, ஆகவே புலியும் மெதுவு. உண்மையில் கடந்த நேரத்தை அளந்து, நிலையை மாற்றும் வேலையைச் சீரான இடைவெளியில் செய்து, படம் வரைவதைத் தனியே விட வேண்டும். 'ஸ்டேட்' அத்தியாயத்தைக் கொண்டு ஆடு வைக்கும் நிலை, ஆடு நகரும் நிலை, புலியின் முறை என்று ஆட்டத்தைப் பிரித்தேன். 15 ஆடுகளும் இறங்குவதற்கு முன் ஓர் ஆடு நகர்ந்துவிடும் பழைய பிழை அதோடு ஒழிந்தது. மூன்றாவது வடிவம் இப்படி உருவானது. புத்தகத்தின் பின்பகுதியில் நினைவகத்தில் தரவை அடுக்குவது பற்றி வருவது பெரிய விளையாட்டுகளுக்கானது. எனக்கு இன்னும் பயன்படவில்லை.

தவறாக வாங்கியவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கிருந்து பெங்களூர் போய்ப் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவென்யூ ரோட்டில் விண்டோஸ் விளையாட்டுகளில் படத்துக்கும் ஒலிக்கும் பயன்படும் டைரக்ட்எக்ஸ் பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் மலிவாகக் கிடைத்தது என்று தூக்கி வந்தேன். அது முழுக்க டைரக்ட்டிரா என்ற, படம் வரையும் பகுதியை நம்பி எழுதப்பட்டது. 2000-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 8-லேயே அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. இன்னொன்று இதைவிட வலித்தது. விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ என்ஜினுக்கான புத்தகம் ஒன்றை 2023 ஏப்ரலில் புதிதாகவே வாங்கினேன். அதற்கு முந்தைய மாதம்தான் கோடோ 4 வெளியாகியிருந்தது; புத்தகம் கோடோ 3-க்கானது. நான் நிறுவியது புதியது. முதல் பயிற்சியிலேயே 'கைனமேட்டிக்பாடி2டி' என்பதைத் தேடித் தேடிக் களைத்தேன். அதன் பெயர் 'கேரக்டர்பாடி2டி' என்று மாறிவிட்டிருந்தது. அடுத்து 'யீல்ட்' என்ற கட்டளைச் சொல் போய் 'அவெய்ட்' வந்திருந்தது. தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தவறு தன்னுடையதா புத்தகத்துடையதா என்று தெரியாது. நான் இரண்டு வாரம் என்மேல்தான் பழி போட்டுக்கொண்டேன். கடைக்காரர் சொல்லவில்லை, அட்டையிலும் பதிப்பு எண் பெரிதாக இல்லை. இப்போதெல்லாம் கருவியைப் பற்றிய புத்தகம் என்றால் முதலில் உள்ளே எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்கிறேன், அதே பதிப்பைத் தேடி நிறுவுகிறேன். பழைய பைத்தான் புத்தகத்தை அடையாளம் காண்பது இன்னும் எளிது: 'பிரின்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

நான்காவது வடிவத்துக்குக் காரணம் டேனியல் ஷிஃப்மேனின் 'தி நேச்சர் ஆஃப் கோட்'. முதலில் 2012-இல் வந்தது. 2024-இன் புதிய பதிப்பு ஜாவாஸ்கிரிப்டில், பி5 என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. எழுதுவதெல்லாம் பிரவுசரில் ஓடும். இணைப்பை அனுப்பினால் யார் கைபேசியிலும் திறக்கும். இது விளையாட்டு எழுதக் கற்றுத்தரும் புத்தகமே அல்ல. காற்று, ஈர்ப்பு, ஊசலாட்டம், கூட்டமாக நகரும் உயிர்கள் இவற்றை நிரலில் எப்படிப் பிடிப்பது என்பதுதான் பேச்சு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த வெக்டர் கணக்கு, திரையில் ஒரு பந்தைத் தள்ளும்போது உயிர் பெற்றுவிடுகிறது. பறவைக் கூட்டம் பற்றி கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-இல் வெளியிட்ட முறையை இதில் விளக்குகிறார்: பக்கத்தில் இருப்பவரோடு இடிக்காதே, அவர்கள் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. மூன்றே விதி. என் முகப்புத் திரையில் 15 ஆடுகளையும் இந்த விதிகளோடு மேய விட்டேன். மலையடிவாரத்தில் பட்டியிலிருந்து திறந்துவிட்ட ஆடுகள் போலவே அவை போயின. அப்பா கைபேசியை வாங்கி, "இதற்கு ஒரு நாய் வேண்டும்" என்றார்.

எந்தப் புத்தகமும் தீர்க்காத குறை ஒன்று இருக்கிறது. ஆட்டுப் பக்கம் கணினியை உருப்படியாக ஆட வைக்க இவற்றில் வழி கிடைக்கவில்லை. புலிக்குக் கண்முன் தெரியும் ஆட்டை வெட்டினால் போதும்; ஆட்டுக்காரருக்கோ ஏழெட்டு நகர்வுக்குப் பிறகு புலி எங்கே அடைபடும் என்று தெரிய வேண்டும். சதுரங்கத்துக்கு கிளாட் ஷானன் 1950-லேயே எழுதிய கட்டுரையின் வழி, அதாவது நகர்வுகளை முன்னோக்கி விரித்து எதிராளி நமக்கு மோசமானதையே ஆடுவார் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவது, இதற்கும் பொருந்தும். விளையாட்டு எழுதும் தொடக்கநிலைப் புத்தகங்கள் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. நம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் ஆடுபுலிக்கும் நிரல் எழுதச் சொல்லித்தரும் நல்ல தமிழ்ப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தால், விலையைப் பார்க்காமல் வாங்குவேன். மடக்கு, மாறி, செயற்கூறு என்று தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானைத் தமிழில் படித்தபோது, எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் முட்டி மோதிய பலவும் அவனுக்கு ஒரே வாரத்தில் தெளிவானதை நேரில் பார்த்தவள் நான்.

இப்போது ஒலியில் நிற்கிறேன். முகப்பில் மேயும் ஆடுகளுக்குக் குரல் கொடுத்ததும், நாலைந்து ஆடுகள் ஒரே நேரத்தில் கத்தும்போது ஒலி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் காதைக் கிழிக்கிறது. நைஸ்ட்ரமின் 'ஈவென்ட் க்யூ' அத்தியாயம் இதே சிக்கலைத்தான் எடுத்துப் பேசுகிறது. ஒரே ஒலிக்கான கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, இரட்டிப்பானவற்றை ஒன்றாக்கிவிடச் சொல்கிறார். இணையத்தில் படித்துக்கொள்ளலாம்தான். ஆனால் ஓரத்தில் தமிழில் நான் எழுதிய குறிப்புகள் எல்லாம் அந்த அச்சுப் பிரதியில் இருக்கின்றன. அது தங்கை மகனோடு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டது. அடுத்த விடுமுறைக்கு வரும்போது எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முதல் மாங்காய் லாரி வருவதற்குள் எனக்கு அது வேண்டும்.