ஐரோப்பாவின் எதிர்காலம் குறித்த மாநாடு: குடிமக்கள் பங்கேற்பு பற்றிய என் மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியம் தன் எதிர்காலம் பற்றிக் குடிமக்களின் கருத்தை அறிய நடத்திய, 2021 மே 9 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தொடங்கிய இம்மாநாட்டின் உயிர்நாடி, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 800 குடிமக்கள் தலா 200 பேராக நான்கு குழுக்களில் விவாதித்த ஏற்பாடுதான். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 16 முதல் 25 வயதுக்குள் இருந்தனர். காதில் மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே பேச முடிந்தது. ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளுக்கும் இடமளித்த இந்த அக்கறையை, தாய்மொழியில் பேசும் உரிமையின் அருமை அறிந்த நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

2022 மே 9 அன்று வெளியான மாநாட்டின் இறுதி அறிக்கையில் 49 முன்மொழிவுகளும் 300-க்கும் மேற்பட்ட நடவடிக்கைகளும் இடம்பெற்றன. எனினும், அதே நாளில் ஒன்றியத்தின் 13 உறுப்பு நாடுகள், ஒன்றியத்தின் அடித்தளமான ஒப்பந்தங்களை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம் என்று கூட்டாக அறிவித்தது எனக்குப் பெரும் ஏமாற்றமே. குடிமக்கள் குழு முறை மட்டும் பின்னர் உணவு வீணாவதைக் குறைப்பது போன்ற பொருள்களில் தொடர்ந்தது.