வண்டிச் சட்டத்தோடு சேர்ந்த பேட்டரி: காரைக்குடியில் ஒரு மின் ஸ்கூட்டருடன் சில ஆண்டுகள்

கால் வைக்கும் தளத்துக்குக் கீழுள்ள அலுமினியப் பேட்டரிப் பெட்டியே வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) ஓர் அங்கமாக நின்று எடை தாங்கும் மின்சார ஸ்கூட்டர் ஒன்றைச் சில ஆண்டுகளாகக் காரைக்குடியில் ஓட்டி வருகிறேன். வாங்க எண்ணுவோர் விலையையும், ஒரு சார்ஜில் ஓடும் தூரமான ரேஞ்சையும் விசாரிக்கிறார்கள். பேட்டரியைத் திறக்க முடியுமா என்று எவரும் கேட்பதில்லை. அதுவே முதலில் கேட்க வேண்டியது என்பது என் கருத்து.

ஓட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. எடை முழுவதும் தாழ்வாக, நடுவில் இருப்பதால், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு குன்றக்குடி சாலை வளைவுகளில் திரும்பும்போதும் வண்டி அலைவதில்லை. மோட்டோஇ எனும் மின்சார பைக் பந்தயத்துக்கான டுகாட்டி நிறுவன வண்டியில் 110 கிலோ பேட்டரித் தொகுதியே சட்டத்தின் பளுவைத் தாங்குவதும் இதே கொள்கையில்தான்.

சார்ஜ் போடுவதற்குத்தான் ஏற்பாடு தேவைப்பட்டது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் தரைமட்டம் தெருவைவிடப் பல படிகள் உயரம். வண்டியை முகப்புக்குள் ஏற்ற முடியாது, பேட்டரியைக் கழற்றி எடுத்துச் செல்லவும் வழியில்லை. பின்வாசல் அடுத்த தெருவில் திறப்பதால், அங்கே கொட்டகை போட்டு, எர்த் சரிபார்த்து, 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைத்தோம். பேட்டரிக்குள் இருக்கும் மின்கலங்களான லித்தியம் அயனி செல்கள் வெப்பத்தில் விரைவாக மூப்படையும் என்பதால், கோடையில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடுவதில்லை. பொழுது சாய்ந்த பிறகே போடுகிறோம்.

செல்கள் மூப்படைவது இயல்பு; அதில் எனக்குக் குறையில்லை. புதிதில் புதுக்கோட்டைக்கு ஒரே சார்ஜில் போய்வந்த வண்டி இப்போது அவ்வாறு செய்வதில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, செல்களைத் தனியே மாற்ற இயலாது, முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். உறுதிக்காகச் செல்களுக்கிடையே ஊற்றப்பட்ட பசையும் வெல்டிங்கும்தான் காரணம். சட்டமும் மோட்டாரும் பிரேக்கும் நல்ல நிலையில் இருக்க, தேய்ந்த சில செல்களுக்காக எடை தாங்கும் பெட்டியையே கழித்துக்கட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

என் வண்டியில் எடை தாங்குவது பெட்டிதான், செல்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மின்னைச் சேமிக்கும் பொருளே பளுவையும் தாங்கும் உண்மையான கட்டமைப்பு பேட்டரியை, கார்பன் இழைகளை மின்வாயாக (எலக்ட்ரோடு) கொண்டு ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கி வருகிறது. 2021-இல் கிலோவுக்கு 24 வாட்-மணியாக இருந்த அதன் கொள்திறன், 2024-இல் 30 ஆக உயர்ந்தது. வழக்கமான லித்தியம் அயனி செல்களோடு ஒப்பிட இது மிகக் குறைவு. ஆயினும் தாங்கும் பாகமே சேமிக்கும் என்பதால் மொத்த எடை குறையும். அந்த நிலையில், செல்லைப் பிரித்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பெட்டி மட்டுமே தாங்கும் வண்டிகளிலாவது திறக்கும் வழியை விட்டுவைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதிமுறை, 2027 பிப்ரவரி முதல், மின் ஸ்கூட்டர் போன்ற இலகு வாகனங்களின் பேட்டரிகளையும் அவற்றிலுள்ள தனிச் செல்களையும் நிறுவனம் சாராத தொழில் வல்லுநரும் கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்கிறது. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊர் இது. இங்கேயே பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் செல் மாற்றும் காலம் வர வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

தேவகோட்டைக்குப் போய்வர இப்போதைய ரேஞ்ச் போதும் என்பதால் வண்டியை மாற்றவில்லை. அடுத்ததை வாங்கும்போது, பெட்டி போல்ட்டால் திறக்குமா, செல் தனியே கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே பணம் கட்டுவேன்.