புதுக்குடியிருப்பா, கிளிநொச்சியா, கொழும்பா: பழுதான லப்டொப்பை எங்கே கொடுப்பது?

2017இல் வாங்கிய லப்டொப்பில்தான் இன்னும் வகுப்புக்கு வினாத்தாள் அடிக்கிறேன். அது மூன்று இடங்களில் படுத்து எழும்பியிருக்கிறது: புதுக்குடியிருப்பில் எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள சின்னக் கடை, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரப் பெரிய கடை, கொழும்பில் கம்பனியின் சேவை நிலையம். "எங்க குடுக்கலாம் ரீச்சர்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, என்ன பழுது என்றுதான்.

சூடேறி அணைகிறதென்றால் யோசிக்காமல் சின்னக் கடை. கிளிநொச்சியில் இதே குறைக்கு ரசீது எழுதி உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாளுக்குப் பிறகு "மதர்போர்ட் வீக், புதுசு பாருங்கோ" என்றார்கள். ஒழுங்கை முனைத் தம்பி என் கண் முன்னாலேயே திறந்தான். கழற்றிய ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு கடதாசியில் டேப் போட்டு ஒட்டினான். ஃபானுக்கும் சூடு போகும் தகட்டுக்கும் நடுவில் கிரவல் புழுதி பழைய கம்பளித் துண்டு மாதிரிப் படிந்து கிடந்தது. விரலால் பிடித்து இழுக்க முழுசாகவே வந்தது. "ஃபான் சுத்துது ரீச்சர், காத்துப் போகத்தான் வழியில்லை." சூட்டைக் கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்தது, அதையும் சுரண்டிப் புதிதாகப் பூசினான். முக்கால் மணித்தியாலம், 1,500 ரூபா. அந்த "வீக்" மதர்போர்ட்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஆனால் பாகம் மாற்றுவதென்றால் கிளிநொச்சிதான். சார்ஜர், ராம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எல்லாம் கையிருப்பில் இருக்கும். தம்பியிடம் சொன்னால் யாராவது டவுனுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய கடையில் போட்ட எஸ்எஸ்டி இரண்டாம் மாதமே செத்துப்போனது. ரசீதைக் காட்டினேன், மறுபேச்சில்லாமல் வேறொன்று தந்தார்கள். தம்பியிடம் ரசீதும் இல்லை, திகதியும் இல்லை. "நாளைக்கு வாங்கோ" என்பான். காலபோக நெல் அரிவி வெட்டு வந்தால் கடையே பூட்டு.

அதே டவுனில் இன்னொரு கடையை நான் மன்னிக்கவில்லை. வின்டோஸ் திறக்கவில்லை என்று கொடுத்ததற்கு, ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளேயிருந்த எல்லாவற்றையும் அழித்து ஃபோர்மட் பண்ணிவிட்டார்கள். மூன்று வருச வினாத்தாள் போனது. கேட்டால், ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: தரவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. வினாத்தாளைத் திரும்ப அடிக்கலாம், படங்களை முடியாது. 2009 யுத்தத்தில் அல்பங்களை வழியில் விட்டுவிட்டு வந்த வீடுகள் எங்களுடையவை. அம்மாவின் கலியாணப் படம், வெளிநாட்டுச் சித்தி தன்னிடமிருந்ததை ஸ்கேன் பண்ணி அனுப்பியதால் மட்டுமே எங்களிடம் இருக்கிறது. அது பென்டிரைவிலும் இருந்ததால் தப்பியது. தம்பி எந்தப் பெட்டியைத் தொட முன்னும் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளுக்குப் படம் ஏதும் இருக்கோ?"

எங்கள் பாடசாலை ரீச்சர் ஒருவரின் ஹாட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டபோது அவன் திறக்கவே இல்லை. "இனி ஒருக்காலும் போடாதீங்கோ. போடப் போட உள்ளுக்கு இருக்கிற தட்டுச் சுரண்டுப்படும். இது தூசி இல்லாத அறையில திறக்க வேணும், கொழும்புக்கு அனுப்புங்கோ" என்றான். அவனுக்கு ஐந்து சதம் வராத யோசனை. படங்கள் மீண்டன. செலவு ஒரு பழைய லப்டொப்பின் விலைக்கு மேல்.

கொழும்பை மற்றப்படி நான் நாடுவது கம்பனி உத்தரவாதம் இருக்கும்வரைதான். முதல் வருசம் ஸ்கிரீனில் கோடு விழுந்து, அண்ணாவின் மகன் இரவு பஸ்ஸில் கொண்டுபோனான். மூன்று கிழமை எடுத்தது, காசு இல்லை. உத்தரவாதம் உள்ள பெட்டியைத் தம்பியிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு அடிபட்ட டெஸ்க்டொப்பென்றால் தம்பிக்குக் காட்டிவிட்டு மற்ற யோசனை. பல தடவை பவர் சப்ளை மட்டும்தான் எரிந்திருக்கும். ஒருமுறை இடியுமில்லை, உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

தம்பியிடம் எனக்குள்ள பெரிய குறை வின்டோஸ். ஊரில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பென்டிரைவிலிருந்துதான் வின்டோஸ் போடுவான், லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. என்னிடம் இருக்கும் வின்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட், 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது. என்னுடைய ப்ரொசெசர் இன்டெல் ஏழாம் தலைமுறை, வின்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறையிலிருந்து. டவுனில் புதுசு வாங்கச் சொன்னார்கள். தம்பி "வினாத்தாள் அடிக்கப் போதும், பாங்க் வேலை மட்டும் இதில வேண்டாம்" என்றான். இரண்டும் சரிதான், என் கையிலிருந்த காசுக்குத் தம்பி சொன்னது கூடச் சரி.

போன கிழமை மூடியின் பிணைச்சல் உடைந்தது. கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வயல் இன்னும் நாலு ஏக்கர் வெட்டக் கிடக்காம்.