பைன்ஃபோன்: டிஸ்ட்ரோ மாற்றிப் பார்ப்பதற்கு இதைவிடச் சுகமான போன் இல்லை, ஆனால்…

பழைய பைன்ஃபோன் ஒன்று செகண்ட் ஹேண்டாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஆண்டிராய்டுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் போன் இது; டிஸ்ட்ரோ என்பது லினக்ஸின் ஒவ்வொரு வகை. 3 ஜிபி ராம் உள்ள கன்வெர்ஜென்ஸ் பதிப்பு. என்னிடம் இருப்பதும் அதுதான். பிராசசர் மெதுவானது, கேமரா சுமார் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த போனில் எனக்கு இன்றுவரை அலுக்காதது அதன் பூட் வரிசை. உள்ளே இருக்கும் ஆல்வின்னர் ஏ64 சிப், ஆன் செய்தவுடன் முதலில் மைக்ரோ எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். அதில் சிஸ்டம் இருந்தால் அங்கிருந்தே கிளம்பும், இல்லாவிட்டால்தான் போனின் உள்சேமிப்பான இஎம்எம்சிக்குப் போகும். பூட்லோடரை அன்லாக் செய்யும் வேலை இல்லை, யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. டிஸ்ட்ரோவின் இமேஜை (முழு சிஸ்டமும் அடங்கிய கோப்பை) கணினியில் கார்டில் எழுதி, பின்மூடியை நகத்தால் நெம்பிக் கார்டைச் செருகினால் சரி. முதல் பூட்டில் பின் எண் கேட்கும். டிஸ்ட்ரோ மோபியன் என்றால் 1234, போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்றால் 147147. பிடிக்கவில்லையா, கார்டை உருவிவிடுங்கள். உள்ளே இருந்த சிஸ்டம் வைத்தபடியே இருக்கும். ஆண்டிராய்டு போனில் ரோம் (சிஸ்டம்) மாற்றும்போது வயிற்றைப் பிசையுமே, அந்தப் பயம் இங்கே அறவே இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் எஸ்எக்ஸ்எம்ஓ என்ற எளிய திரை இடைமுகத்தைப் போட்டுப் பார்த்தேன். ஐகான்கள் கிடையாது, வால்யூம் பொத்தானை அழுத்தினால் மெனு வரும். பார்க்க வறட்சியாக இருக்கும், ஆனால் ஐகான்களோடு வரும் ஃபோஷ் இடைமுகம் திணறுகிற இதே வன்பொருளில் இது சட்டென்று வேலை செய்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய எனக்கு இதுவே போதும். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி எரிச்சலுக்கு வருவோம். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் தீராதது போன் அழைப்பு. பேட்டரி தாங்க வேண்டுமென்றால் போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போயாக வேண்டும். அழைப்பு வந்தால் மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் மோடம்தான் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். சிஸ்டத்தின் மையமான கெர்னல் விழித்து, மோடம் மேனேஜர் என்ற மென்பொருள் மோடத்தைக் கண்டுகொண்டு, அதன் பிறகே திரையில் பெயர் வரும். அதற்குள் மறுமுனையில் மணி பல முறை அடித்திருக்கும். சில நேரம் விழித்ததும் மோடம் யூஎஸ்பி பட்டியலிலிருந்தே காணாமல் போய், மறுபடி தோன்றும். அந்த அழைப்பு போனதுதான். சரி, உறங்கவே விடாமல் வைக்கலாம் என்றால் மாலைக்குள் பேட்டரி காலி. அந்த மோடத்துக்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது, அதற்கும் ஆர்வலர்கள் மாற்று ஃபர்ம்வேர் எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் இவ்வளவு செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் வீட்டிலிருந்து வருகிற அழைப்பு தவறும்போது கோபம் வரத்தான் செய்கிறது. ஒரு போன் முதலில் ஒலிக்க வேண்டும் இல்லையா?

ஜியோ சிம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே 2ஜி இல்லை, குரல் அழைப்பே வோல்ட்டி (4ஜி வழி அழைப்பு) மூலமாகத்தான். அதற்கேற்ற அமைப்பு மோடத்தில் தேர்வாகியிருக்க வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இத்தனை புகழ்ந்த பிறகும் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் தேடுவது கையில் இருக்கும் ஒரே போனுக்கு மாற்று. யூபிஐ வேறு வேண்டும் என்கிறார், அந்தச் செயலிகளோ ஆண்டிராய்டையும் ஐபோனையும் நம்பியவை. ஏற்கெனவே ஒரு போன் இருந்து, இது இரண்டாவது என்றால் பேச்சே வேறு. அப்படி வாங்குபவர்கள் நல்ல வேகமான கார்டாகப் பார்த்து எடுங்கள், மட்டமான கார்டில் எந்த டிஸ்ட்ரோவும் ஆமை வேகத்தில்தான் நகரும். கணினியில் டெபியன் லினக்ஸ் பழகியவர்கள் அதை அடிப்படையாகக் கொண்ட மோபியனிலிருந்து தொடங்கலாம். பின்மூடிக்குக் கீழே இருக்கும் ஆறு குட்டி சுவிட்சுகளில் முதலாவது மோடத்துக்கு உரியது. சிம் தெரியவில்லை என்றால் டிஸ்ட்ரோவைச் சந்தேகிப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.