பேச்சுக்கு முன் சைகை: கடன் வாங்குவதா, வீட்டிலேயே உருவாக்குவதா?

பேசத் தொடங்காத குழந்தையிடம் சைகையால் உரையாட விரும்பும் பெற்றோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. காது கேளாதோரின் சைகை மொழி ஒன்றிலிருந்து சில சைகைகளை எடுத்துக்கொள்ளலாம்; அல்லது வீட்டாரே தங்களுக்குள் சில சைகைகளை வகுத்துக்கொள்ளலாம். எதையும் தனியே கற்பிக்காமல் இயல்பாகப் பேசி வளர்ப்பதும் இவற்றோடு ஒப்பிடத்தக்க மூன்றாவது வழிதான்.

முதல் வழியின் வலிமை அதன் நிலையான வடிவங்களில் இருக்கிறது. அகராதியும் காணொளிகளும் கிடைப்பதால், பெற்றோர், தாத்தா பாட்டி, காப்பகப் பணியாளர் என யார் பார்த்துக்கொண்டாலும் குழந்தை ஒரே சைகையையே காண்கிறது. ஆனால் பெரியவர்களின் கைவடிவம் பிஞ்சு விரல்களுக்கு எளிதில் வருவதில்லை. அமெரிக்கச் சைகை மொழியில் ‘பால்’ என்பதற்கு மடி கறப்பதைப் போல முட்டியை இறுக்கித் தளர்த்த வேண்டும். குழந்தையோ உள்ளங்கை முழுவதையும் விரித்து மூடுவதால், அது பால் கேட்கிறதா, டாட்டா காட்டுகிறதா என்பதை நேரத்தையும் முகத்தையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். மேலும், முப்பது தனிச் சைகைகளை அறிவது ஒரு மொழியை அறிவதாகாது. முகபாவம், உடலுக்கு முன்னுள்ள வெளியில் கை நகரும் திசை ஆகியவற்றால் இயங்கும் முழு இலக்கணம் சைகை மொழிகளுக்கு உண்டு. ‘உங்கள் குழந்தை இன்னொரு மொழியையும் கற்கும்’ என்று விற்கப்படும் குறும்பயிற்சிகள் இதைச் சொல்வதில்லை.

வீட்டுச் சைகைக்கு அகராதி கிடையாது. வீட்டு வாசலைத் தாண்டினால் செல்லுபடியும் ஆகாது. ஆனால் அது பெரும்பாலும் குழந்தையிடமிருந்தே பிறக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா அக்ரடோலோவின் மகள் பூவைக் கண்டதும் முகர்வதுபோல் மூக்கை உறிஞ்சிக் காட்டியதே, அவரும் சூசன் குட்வினும் பின்னர் மேற்கொண்ட ஆய்வுகளுக்குத் தூண்டுகோலானது. குழந்தை தானே கண்டுபிடித்த அசைவைப் பெற்றோர் ஏற்றுத் திருப்பிக் காட்டும்போது, கற்பிக்கும் சுமை பாதியாகிவிடுகிறது.

எந்த வழி பேச்சை விரைவுபடுத்துகிறது? அக்ரடோலோவும் குட்வினும் சைகை கற்ற குழந்தைகள் சற்று முன்னணியில் இருந்ததாக 2000இல் எழுதினர். ஆனால், பிரிட்டனில் எலிசபெத் கிர்க் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இங்கே பேசப்படும் வழிகளையே நேருக்கு நேர் நிறுத்தியது. 40 தாய்மாரும் குழந்தைகளும் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: பிரிட்டன் சைகை மொழியின் சைகைகள், குறியீட்டு அசைவுகள் (வீட்டுச் சைகை போன்றவை), சொற்பயிற்சி மட்டும், எந்தப் பயிற்சியும் இல்லை. குழந்தைகளை 8ஆவது மாதத்திலிருந்து 20ஆவது மாதம்வரை கவனித்ததில், மொழி வளர்ச்சியில் குழுக்களுக்கிடையே வேறுபாடு தென்படவில்லை. சைகை காட்டிய தாய்மார் குழந்தையின் சொல்லற்ற குறிப்புகளை அதிகம் கவனித்தனர் என்பது மட்டும் தெரிந்தது. 40 என்பது சிறிய எண்ணிக்கை என்றாலும், அறிவுத்திறன் கூடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆகவே மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. விரல் நீட்டிச் சுட்டுவதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. ஆயினும் பெரும்பாலான குழந்தைகள் ஏறக்குறைய முதலாண்டு முடிவதற்குள் அதைச் செய்கின்றன. குழந்தை சுட்டிய பொருளின் பெயரை அந்தக் கணமே சொல்வது எந்தச் சைகைப் பட்டியலுக்கும் குறைந்ததல்ல. இருப்பினும் ‘இன்னும்’, ‘போதும்’, ‘வலி’ ஆகிய மூன்றுக்காவது வீட்டுச் சைகை வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் இவை சுட்டிக்காட்ட முடியாதவை. சுட்ட முடியாதபோதுதான் அழுகை நீள்கிறது.

காது கேளாத குழந்தைக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அதற்கு வேண்டியது சில சைகைகள் அல்ல, பிறந்த நாளிலிருந்து எட்டக்கூடிய முழுமையான மொழி. பேச்சு தாமதமாவதற்குக் காது கேளாமையும் காரணமாக இருக்கலாம். அதனால்தான், பேச்சு தாமதமானால் ‘சைகை பழக்கியதால் சோம்பேறியாகிவிட்டான்’ என்று காரணம் கற்பித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சைகை பேச்சைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லாதபோது, முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை.