மரக்கன்றா, மாஸ்டர் பிளானா? தெருக்குழு எதில் முதலில் இறங்கலாம்

வெயில் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, ஒரு நல்ல மழைக்கே தெரு மூழ்குகிறது. ஏதாவது செய்யலாம் என்று பத்துப் பேர் கூடினால் அன்றைக்கே பேச்சு மூன்றாகப் பிரியும். நாமே இறங்கி மரம் நடுவோம் என்பார் ஒருவர். நகராட்சியிடம் பணம் வாங்கிச் செய்வோம் என்பார் இன்னொருவர். நகரத்தில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளானையே மாற்ற வைக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். மூன்றும் தேவைதான். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் கிடைப்பது விடுமுறை நாளில் சில மணி நேரம். அதனால் எதை முதலில் என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

நாமே இறங்கிச் செய்வதில் பெரிய லாபம், ஆட்கள் சேர்வார்கள். நெதர்லாந்தில் வீட்டு முற்றத்துக் கற்களைப் பெயர்த்துவிட்டுச் செடி வைப்பதை ஊர்களுக்கு இடையே போட்டியாகவே நடத்துகிறார்கள். வருடத்துக்கு லட்சக்கணக்கில் கற்கள் போகின்றன. கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பித் தூக்கினால் அடியில் இறுகிப்போன மண் தெரியும். அதைக் கொத்திவிட்டால் அடுத்த மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்த்தவர் அடுத்த வாரமும் வருவார்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 1 சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் மழையில், நாம் திறந்துவிட்ட 10 சதுர மீட்டர் மண்ணில் விழுவது 500 லிட்டர். அதே மழையில் 1,000 சதுர மீட்டர் கான்கிரீட் வாகன நிறுத்தம் ஒன்று 50,000 லிட்டரைத் தெருவுக்குத் தள்ளும். ஒரு குழு பல மாதம் உழைத்துத் திறக்கும் மண்ணை ஒரே ஒரு கட்டட அனுமதி மூடிவிடும். இதை நினைத்தால் மனசு கனக்கிறது, ஆனால் நிலைமை அதுதான்.

பட்ஜெட் வழி இடைப்பட்டது. நகரத்தின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மக்களே முடிவு செய்யும் முறையை பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கியது. பாரிஸ் 2014-இல் கையில் எடுத்தது. உங்கள் நகரத்தில் இந்த முறை இருந்தால் நிழற்குடை, பள்ளி வளாகத்தில் மரங்கள் போன்றவற்றைச் சீக்கிரமே வாங்கிவிடலாம். ஆனால் ஓட்டு விழுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான். வடிகாலைத் தூர்வாருவதற்கும் பம்பைப் பழுது பார்ப்பதற்கும் யார் கை தூக்குவார்கள்? 2024 மே மாத வெள்ளத்தில் அதே போர்ட்டோ அலெக்ரேயில் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய பம்புகள் நின்றுபோயின. அதற்கும் பட்ஜெட் முறைக்கும் முடிச்சுப் போட முடியாது. ஆனாலும் பராமரிப்புக்காக யாராவது குரல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதை அந்த வெள்ளம் காட்டிவிட்டது.

மூன்றாவது வழியான மாஸ்டர் பிளானில் அலுப்பு அதிகம். அதன் வரைவு பல நூறு பக்கம் இருக்கும், ஆட்சேபனை தெரிவிக்கக் கொடுக்கும் நாட்களோ சொற்பம். வரைபடத்தை விரித்து நம் தெருவைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய வரைபடத்தில் நீலமாக இருந்த தாழ்நிலம் புதியதில் குடியிருப்புக்கான நிறத்துக்கு மாறியிருக்கலாம். அந்த ஒரு நிற மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் பத்து, இருபது வருடத்துக்கு அதுதான் சட்டம்.

கவனித்தவர்களால் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு பெர்லின் ஒரு சான்று. 2008-இல் மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓரங்களில் கட்டடம் கட்ட அரசு திட்டமிட்டது. மக்கள் கையெழுத்து திரட்டி, 2014-இல் பொது வாக்கெடுப்பு வரை கொண்டுபோய்த் தடுத்தார்கள். சுமார் 300 ஹெக்டேர் திறந்தவெளி இன்றும் இருக்கிறது. எத்தனை வருடம் கன்று நட்டாலும் அவ்வளவு நிலத்தை மீட்க முடியுமா? ஆனால் அங்கே வீட்டுத் தட்டுப்பாடும் கடுமை. இங்கே கட்டாதே என்று கேட்பவர்கள், எங்கே கட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அது இல்லாத ஆட்சேபனை பாதி வேலைதான்.

மக்களின் உழைப்பும் நகராட்சியின் திட்டமும் கைகோத்த இடம் ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் உள்ள ஆகஸ்டன்போர்க். அடிக்கடி தண்ணீர் தேங்கிய அந்தக் குடியிருப்பில் 1998 முதல் நகராட்சியும் வீட்டு நிறுவனமும் குடியிருப்போரும் சேர்ந்து திறந்த கால்வாய்கள், குட்டைகள், பசுமைக் கூரைகள் அமைத்தார்கள். 2014 ஆகஸ்டில் மால்மோவைப் புரட்டிப்போட்ட பெருமழையில் அந்தப் பகுதிக்குச் சேதம் வெகு குறைவு.

சரி, எதை எடுப்பது? முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபனை கேட்கும் காலம் இப்போது ஓடுகிறது என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதில் இறங்குங்கள். கன்றை அடுத்த பருவத்தில் நடலாம், இந்தக் கதவு மறுபடி திறக்கப் பல வருடம் ஆகும். அப்படி எதுவும் இல்லை என்றால் கடப்பாரையை எடுங்கள். கூடவே ஒரு நோட்டும் போடுங்கள். மழை நின்றதும் தெருமுனையில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நின்றது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, மத்தியானம் நிழலில் என்ன வெப்பம், தார்ச்சாலையில் என்ன வெப்பம் என்று தேதியோடு எழுதி, படமும் எடுத்து வையுங்கள். அடுத்த வரைவு வரும்போது ஆட்சேபனை மனுவோடு அந்தப் பக்கங்களின் நகலையும் இணையுங்கள்.